நகர்த்திய புதன்கிழமை

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நித்யா எனக்குப் போன் செய்தாள். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, அதற்குள் மாமனாரிடம் புகாரா என்று கேலி செய்தேன். "புகாரெல்லாம் இல்லீங்க மாமா, ஒரு சந்தேகமுங்க" என்றாள். "எனக்கு ஆஸ்பத்திரியில ஷிப்டு டூட்டி, அவருக்கு எந்நேரமும் மீட்டிங். ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு காலண்டர் நெட்ல வெச்சுக்கலாம், காசில்லாமயே கெடைக்குதுன்னு சொன்னனுங்க. அதுக்கு அவரு, நீயே எல்லாம் போட்டுக்க, நான் தேதி போட மாட்டேன்னு சொல்லிப்போட்டாருங்க. வெளையாட்டுக்குச் சொல்றாருன்னு நெனச்சு மறுபடியும் கேட்டனுங்க. மூஞ்சியெல்லாம் வெளுத்து, எந்திரிச்சு வெளியே போயிட்டாருங்க. ஏனுங்க மாமா, எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

தெரியும். எனக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும். உனக்கே பாதிதான் தெரியும், அந்தப் பாதியும் தப்பு. ஆனால் அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது என்ன தெரியுமா? "வேலை அலுப்பா இருக்கும் அம்மணி, நீயே பாத்துப் போட்டுக்க." அவள் சரிங்க மாமா என்று போனை வைத்துவிட்டாள். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய்யில் இது எத்தனையாவது என்று எண்ணிப் பார்த்தேன், முடியவில்லை. இன்னொன்று சேர்வதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசினால் நடுவில் நீ "உடுங்கப்பா" என்பாய், நானும் சந்தோஷமாக விட்டுவிடுவேன். காகிதத்தில் குறுக்கே பேச ஆளில்லை.

முதலில் நித்யா கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் சுலபமான பகுதி. இலவசமாகக் கிடைக்கிற காலண்டர்கள் நாலைந்தை நானே திறந்து பார்த்திருக்கிறேன். வேலையில் இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? எது பார்க்க அழகாக இருக்கிறது என்று பார்த்து எடுக்காதே. போட்ட தேதிகளை எல்லாம் ஒரே கோப்பாக வெளியே எடுத்து வேறு ஒன்றில் ஏற்ற வழியிருக்கிறதா என்று முதல் நாளே செய்து பார். இலவசமாகக் கொடுப்பவன் காலமெல்லாம் கொடுத்துக்கொண்டே இருப்பான் என்று யாரும் எழுதித் தரவில்லை. நாம் முதலில் வைத்திருந்ததை அந்தக் கம்பெனிக்காரன் இரண்டே வருஷத்தில் மூடியதும், நீ எல்லாவற்றையும் இப்போது இருப்பதற்கு மாற்றியதும் உனக்கு நினைவிருக்கும். அடுத்தது, உன் லேப்டாப்பிலும் அவள் போனிலும் ஒரே மாதிரி தெரிகிறதா பார். ஷிப்டு மாறி மாறி வருகிறவளுக்கு, வாரா வாரம் வருகிற ஒன்றில் ஒரு நாளை மட்டும் மாற்ற முடிய வேண்டும். ஆளுக்கொரு நிறம் வைத்துக்கொள்ளுங்கள். நினைவூட்டல் ஒன்று போதாது. ஒரு வாரம் முன்னால் ஒன்று, முந்தின நாள் ஒன்று. போய்ச் சேர வேண்டிய நேரத்தைப் போடாதே, வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரத்தைப் போடு. உடம்பு சம்பந்தப்பட்ட சமாச்சாரங்களை விலாவாரியாக எழுதாதே, எங்கோ யாரோ வைத்திருக்கிற கம்ப்யூட்டரில்தான் அது கிடக்கிறது. கடைசியாக ஒன்று. ஒரு தேதியை யார் மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள் என்று அது எழுதி வைக்கிறதா பார். நம்முடையது எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை.

நான் முப்பத்தொரு வருஷம் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவன். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதுவதுதான் வேலை. அந்தப் புத்தகத்துக்கு ஒரு முறை உண்டு. தப்பாக எழுதிவிட்டால் சுரண்டி அழிக்கக் கூடாது, மேலே எழுதி மறைக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும், அடியில் இருந்தது என்ன என்று படிக்க முடிய வேண்டும், பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு தடவை காங்கேயம் வழியாக வருகிற வண்டியின் டிரைவர் தாமதமாக வந்து என் ஜன்னலில் நின்றார். "ஏனுங்க, ரெண்டே ரெண்டு நிமிசமுங்க. கொறைச்சுப் போட்டா உங்க பேனாவுக்கு வலிக்குமுங்களா?" என்றார். நான் கடிகாரத்தைக் காட்டினேன். அவருக்கு மெமோ வந்தது. வீட்டுக்கு வந்து இதைப் பெருமையாகச் சொன்னேன். உன் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, "ஒரு மனுசனுக்கு ரெண்டு நிமிசம் குடுத்திருக்கலாமுங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. நேரம் என்பது என் சொத்தா, எடுத்துக் கொடுக்க, என்று கத்தினேன். நீ அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். அந்தச் சத்தம் உனக்கு நினைவிருக்கலாம்.

நீ பெங்களூருக்குப் போன வருஷம்தான் நம் மூன்று பேருக்கும் சேர்த்து அந்தக் காலண்டரைப் போட்டுக் கொடுத்தாய். பழைய லேப்டாப்பை எனக்கு விட்டுவிட்டுப் போனாய். உனக்குப் பச்சை, எனக்கு நீலம், அம்மாவுக்கு அவளே தேர்ந்தெடுத்த கத்திரிப்பூ நிறம். மூன்று பேரும் எதையும் போடலாம், எதையும் மாற்றலாம் என்று அனுமதி வைத்தாய். நம் குடும்பத்துக்குள் பூட்டு எதற்கு என்று நினைத்தாய் போலும். அம்மா இரண்டே நாளில் என்னை விட நன்றாகப் பழகிவிட்டாள். ஆனால் அவள் எழுதுகிற விதமே தனி. "மாவு தீந்துபோச்சுங்க, இன்னைக்கு ஆட்டோணுமுங்க." "தண்ணி வர்ற நாளுங்க, மோட்டார் போடுங்க." நீ போனில் சிரித்தாய். "காலண்டருக்கு எதுக்குங்கம்மா இத்தன மரியாத?" என்று கேட்டாய். "படிக்கறது உங்கப்பாவாச்சே கண்ணு" என்றாள். தினசரி காலண்டர் சுவரில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை நல்ல நேரம் பார்க்க மட்டும் வைத்துக்கொண்டோம். மற்றதெல்லாம் திரையில்தான்.

அம்மாவின் இடது மாரில் சுண்டைக்காய் அளவு கட்டி இருந்தது என்று தெரிந்தபோது நீ லீவு போட்டு வந்தாய். ஊசி வைத்துச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார் டாக்டர். சர்க்கரை கூடுதலாக இருந்ததால் அதை இறக்க மாத்திரை கொடுத்து, மூன்று வாரம் தள்ளி, ஆடி மூன்றாம் புதன்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்காக நின்றபோது நீ அந்தச் சீட்டைப் பார்த்துப் போனில் தேதியைப் போட்டாய். போட்டுவிட்டு இரண்டு முறை வாசித்துக் காட்டினாய். நான் சீட்டை என் கண்ணாடிக்கு நேராகப் பிடித்துச் சரிபார்த்தேன். அது என் பழக்கம், உனக்குத் தெரியும். இதை மட்டும் இரண்டு முறை படி கண்ணு. நீ தேதியைச் சரியாகத்தான் போட்டாய். ஆடி மூன்றாம் புதன், காலை பத்து. ஒரு பிசகும் இல்லை.

நீ பெங்களூருக்குத் திரும்பிப் போனதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் பயந்தவன் என்று வெளியே காட்டிக்கொண்டதில்லை. காலையில் அவள் எதிரில் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது அந்த இடத்தைப் பார்க்காமல் இருக்கக் கண்ணைப் பேப்பருக்குள் வைத்துக்கொண்டேன். டாக்டர் பேர் சொல்லாத வரைக்கும் அந்த நோய் இல்லை என்று எனக்குள்ளே ஒரு கணக்கு ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை, என்னோடு வேலை பார்த்த ஒருவரைக் காங்கேயத்தில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். காங்கேயத்தில் இறங்கவில்லை. வெள்ளகோவில் வரைக்கும் டிக்கெட் எடுத்து, அங்கிருந்து நம் குலதெய்வக் கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டேன். உனக்கு அந்த வழக்கம் தெரியும். உன் படிப்புக்கும் கேட்டோம், இந்த வீடு வாங்கவும் கேட்டோம். வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, தனித்தனியாக இலையில் பொதிந்து சாமி முன்னால் போடுவார் பூசாரி. நாம் மனசில் நினைத்து ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம்.

சிவப்பு வந்தது. அப்படித்தான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அந்தச் செவ்வரளியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை உன் அம்மா காய் வாங்கப் போயிருந்தாள். லேப்டாப்பைத் திறந்தேன். ஆடி மூன்றாம் புதன் கட்டத்தில் பச்சை நிறத்தில் நீ போட்டது இருந்தது. மவுஸை அதன் மேல் அழுத்திப் பிடித்துக் கீழே இழுத்தேன். நாலு வரிசை. ஆவணி மூன்றாம் புதன். கையை எடுத்தேன், அங்கேயே ஒட்டிக்கொண்டது. அடித்த கோடும் இல்லை, கையெழுத்தும் இல்லை, அங்கே ஏதோ இருந்தது என்பதற்கு ஒரு தழும்பும் இல்லை. முப்பத்தொரு வருஷம் நான் காவல் காத்த வேலை அங்கே ஒரு நொடியில் ஒன்றுமில்லாமல் போனது. அப்புறம் திரையில் ஒரு கேள்வி வந்தது. "இந்த மாற்றத்தை மற்றவர்களுக்குத் தெரிவிக்கவா?" கீழே இரண்டு பொத்தான். ஆமாம், வேண்டாம். நான் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை தவறிப் பட்டுவிட்டது என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நன்றாகப் படித்துவிட்டு, வேண்டாம் என்பதை அழுத்தினேன். சீட்டை அவள் பைலிலிருந்து எடுத்து என் டைரிக்குள் வைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வேறு தேதி கேட்கக்கூட இல்லை. கேட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

இரண்டு நாள் கழித்துத் துணி துவைக்கும்போது அந்தச் செவ்வரளியை உன் அம்மா எடுத்தாள். "கோயிலுக்கா போனீங்க? சொல்லவே இல்லீங்களே" என்றாள். போகிற வழியில் இறங்கினேன் என்றேன். அதைக் கண்ணில் ஒற்றிச் சாமி படத்துக்கு வைத்தாள். ஆடி மூன்றாம் வாரம் வந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், "ஏனுங்க, ஆடியிலயே வரச் சொன்ன மாதிரி இருந்துச்சுங்களே?" என்று கேட்டாள். நான் பேப்பரை இறக்காமலே, "காலண்டர்ல என்ன போட்டிருக்குதுன்னு பாரு" என்றேன். போனை எடுத்துப் பார்த்தாள். "ஆவணின்னுதான் போட்டிருக்குதுங்க. பையன் சரியாத்தான் போட்டிருப்பான், எனக்குத்தான் மறதி" என்றாள். உன் மேல் இருந்த நம்பிக்கையை வைத்தே அவளை நான் ஏமாற்றினேன். உன் போனிலும் நினைவூட்டல் வரவில்லை, அதனால் நீயும் கேட்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். பத்து மணி ஆனது, பத்து ஐந்து ஆனது. என் கணக்கில் வண்டி போய்விட்டது. அவள் நிமிர்ந்து பார்த்து, "என்னங்க அப்புடிப் பாக்கறீங்க?" என்று சிரித்தாள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், இது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்த நாலு வாரமும் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். அவளை மேட்டுப்பாளையத்துக்குக் கூட்டிப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆற்றங்கரையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிட்டோம். "ரிட்டயர்டு ஆனப்பறந்தான் உங்களுக்கு எம்பட நெனப்பு வருதுங்களா?" என்று என்னைக் கிண்டல் செய்தாள். அந்தப் படத்தைத்தான் நீ பெரிதாக்கி மாட்டி வைத்திருக்கிறாய், அம்மா நெம்ப அழகாக இருக்கிற படம் என்று. அவள் அங்கே இருந்திருக்கக் கூடாது கண்ணு. அந்த நேரம் அவள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்க வேண்டும். உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறேன்.

ஆவணியில் போனோம். மேஜையில் இருந்த பெண், "உங்களுக்குப் போன மாசமே குடுத்திருந்தமுங்களே? ஏனுங்க வரல?" என்று கேட்டது. சீட்டு எங்கே என்றது. வீட்டில் வைத்துவிட்டோம் என்றேன். டாக்டர் உள்ளே அதையே கேட்டார். அப்போது என் வாய் தானாகத் திறந்தது. "பையன் காலண்டர்ல மாசத்த மாத்திப் போட்டுப்போட்டானுங்க" என்றேன். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அன்றுதான் தெரிகிறது தேதி தவறிவிட்டதென்று. அவள் முகம் தன் உடம்பைப் பற்றிய கவலையில் மாறவில்லை. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பையன ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க. பாவம், வேலை மும்மரத்துல இருந்திருப்பான்" என்றாள். நான் சரி என்றேன். சரி என்று தலையை வேறு ஆட்டினேன்.

அன்று சாயங்காலம் நீயே போன் செய்தாய். மேஜைப் பெண் சொன்னதை அம்மா உன்னிடம் மறைக்கத் தெரியாமல் உளறியிருந்தாள். "அப்பா, நானுங்களாப்பா மாத்திப் போட்டேன்? ரெண்டு தடவ வாசிச்சனுங்களே?" என்று கேட்டாய். உன் குரல் சின்ன வயசில் கேட்டது போல இருந்தது. அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கிறது, எனக்கும் நினைவிருக்கிறது. "உடு கண்ணு. மனுசனுக்குத் தப்பு வாரதுதான். நாங்க ஒண்ணும் நெனைக்கல." நான் செய்ததற்கு உன்னை மன்னித்துவிட்டேன். பெரிய மனசுக்காரன் மாதிரி மன்னித்தேன். நீ போனிலேயே அழுதாய். உன் கண்ணும் காதும் சரியென்று சொன்னதை விட்டுவிட்டு, திரையில் இருந்ததை நம்பினாய். அப்பா பொய் சொல்வார் என்று உனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு நிமிஷத்தை மாற்றாத மனுஷன் ஆயிற்றே.

ஆவணி முடிவதற்குள் டாக்டர் அந்த நோயின் பேரைச் சொல்லிவிட்டார். மாசியில் அவள் போனாள். கடைசியாகப் படுப்பதற்கு முன்னால், கையில் பலம் இருந்த நாட்களில், அவள் காலண்டரில் எனக்காக ஏதேதோ போட்டுக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டால் சொல்லவில்லை. இப்போது அவை வருகின்றன. மாதம் பிறந்தால் காலை ஒன்பது மணிக்கு என் போன் ஒலிக்கும். "பிரஷர் மாத்திரை தீந்திருக்குமுங்க, வாங்கிப்போடுங்க." வெள்ளிக்கிழமை காலையில், "தலைக்கு எண்ணெய் வெச்சுக் குளிங்க." புதன்கிழமையில், "பையனுக்குப் போன் பண்ணுங்க, நீங்களா பண்ணோணுமுங்க." நான் புதன்கிழமை தவறாமல் உனக்குப் போன் செய்கிறேனே, அப்பா எவ்வளவு மாறிவிட்டார் என்று நித்யாவிடம் சொன்னாயாம். மாறவெல்லாம் இல்லை. சொல்லுகிறாள், செய்கிறேன். எல்லாவற்றுக்கும் முடிவுத் தேதி என்ற இடத்தில் 'இல்லை' என்று வைத்திருக்கிறாள். ஒரு நாள் தாங்க முடியாமல் ஒன்றை அழிக்கப் போனேன். "இது மட்டுமா, இனி வருவது எல்லாமா?" என்று கேட்டது. திரையை மூடிவிட்டுத் தெருவில் போய் நின்றுகொண்டேன். அந்த வருஷத்து ஆவணி மூன்றாம் புதனில் நீ போட்ட பச்சைப் பதிவு, நான் இழுத்து வைத்த அதே கட்டத்தில், இன்னும் இருக்கிறது. பழைய பக்கங்களைப் புரட்டி அதைத் தாண்டும்போது கை கூசுகிறது. வேறு எதை மாற்றினாலும் அந்தக் கேள்வி வந்துவிடுகிறது, மற்றவர்களுக்குத் தெரிவிக்கவா என்று. காய்கறி வாங்கும் நாளை மாற்றினாலும் கேட்கிறது. அதற்கு என் கதை தெரியாது, எல்லாரையும் அப்படித்தான் கேட்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் என்னையே கேட்பது போலத்தான் இருக்கிறது.

அவள் போன பிறகு நான் தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தேன். நாலு வாரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். அவர் நல்ல மனுஷர். "நாலு வாரத்துல எல்லாம் மாறியிருக்கும்னு என்னால சொல்ல முடியாதுங்க. மாறியிருக்காதுன்னும் சொல்ல முடியாதுங்க" என்றார். நான் அதோடுதான் குடியிருக்கிறேன். நீ அதோடு குடியிருக்க வேண்டியதில்லை. ஒரு நாள்கூட இருந்திருக்க வேண்டியதில்லை. இரண்டு வருஷமாக உன் தலையில் இருப்பது என் மூட்டை.

பூவைப் பற்றி மேலே எழுதியதை அப்படியே விட்டுவிடலாமா என்று பார்த்தேன். சாமி வேண்டாம் என்று சொன்னது, அப்பா கேட்டார், பழைய காலத்து மனுஷன், பாவம் என்று நீ நினைத்துக்கொள்வாய். எனக்கும் வசதிதான். ஆனால் எழுதுவதென்று உட்கார்ந்தபின் அரைகுறையாக எழுதக் கூடாது. முதலில் எடுத்த பொட்டலத்தில் வந்தது வெள்ளை. பூசாரி சிரித்துக்கொண்டே, "அதான் சாமி உத்தரவு குடுத்துப்போட்டாங்களே, தைரியமாப் போங்க" என்றார். போ என்று சொன்னால் போக வேண்டும், போனால் தெரிந்துவிடும். "இன்னொருக்காக் கேக்கலாமுங்களா?" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "ஒருக்காக் கேட்டுப்போட்டா மறுக்காக் கேக்கறது வழக்கமில்லீங்க. உங்க மனசு" என்று மறுபடி பொதிந்து போட்டார். அப்போதுதான் சிவப்பு வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். வெள்ளரளியை அங்கேயே விட்டுவிட்டேன். சாமியும் சொன்னது, டாக்டரும் சொன்னார், நீயும் சரியாக எழுதி வைத்தாய். மூன்று பேர் சொன்னதையும் மாற்றியது நான் ஒருவன்தான்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியது. நித்யாவோடு காலண்டரை நீயே போடு. உன் கையால் முதல் தேதியைப் போடு, எதுவானாலும் பரவாயில்லை, அவளுக்கு வேலை இல்லாத ஒரு நாளில் எங்கேயாவது போய்ச் சாப்பிடுவது என்று போடு. உன் கை சரியான கை. அவளும் நீயும் போடலாம், மாற்றலாம் என்று அனுமதி வையுங்கள். ஆனால் எது மாறினாலும் இரண்டு பேருக்கும் தகவல் வர வேண்டும் என்பதை முதல் நாளே அமைத்துவிடுங்கள். ஒருவர் போட்டதை மற்றவர் நகர்த்தும்படி ஆனால், ஏன் என்று பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். பயமாக இருக்கிறது என்றால் பயமாக இருக்கிறது என்றே எழுது. நான் அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் நீ ராத்திரியே பஸ் ஏறி வந்து எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போயிருப்பாய். என்னையும் சேர்க்க வேண்டும் என்று உனக்கு இதைப் படித்த பிறகும் தோன்றினால், பார்க்க மட்டும் அனுமதி கொடு. மாற்றுகிற அனுமதி எனக்கு வேண்டாம். தோன்றாவிட்டால் அதுவும் சரிதான், நான் கேட்க மாட்டேன்.

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, தேதி நன்றாகத் தெரிகிறது. நித்யாவிடமும் காட்டு. உனக்கு ஏன் மூஞ்சி வெளுத்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். இதைத் திங்கட்கிழமை ஒண்டிப்புதூர் தபாலாபீசில் போடுகிறேன். உனக்கு வந்து சேர எப்படியும் வியாழன், வெள்ளி ஆகிவிடும். நீ படிக்க நாலைந்து நாள் இடைவெளி விடுகிறேன், அதற்கடுத்து வரும் புதன்கிழமை வரைக்கும். அன்று காலை பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறப்பேன். நீ போட்ட அந்தப் பச்சைப் பதிவை நாலு வரிசை மேலே தூக்கி, ஆடி மூன்றாம் புதனில், நீ வைத்த கட்டத்திலேயே திரும்ப வைப்பேன். பக்கத்தில், நகர்த்தியது அப்பா என்று எழுதுவேன். அதனால் யாருக்கும் எதுவும் திரும்பி வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அப்போது அந்தக் கேள்வி வரும், மற்றவர்களுக்குத் தெரிவிக்கவா என்று. இந்தத் தடவை ஆமாம் என்பதை அழுத்துவேன். உனக்கு ஒரு மெயில் வரும். நம் காலண்டரில் மூன்று பேர் இருந்தோம் அல்லவா, அம்மாவின் பேரை நான் இன்னும் எடுக்கவில்லை. அவளுக்கும் ஒன்று போகும்.

அப்பா